மறுமுனையில் என்ன இருக்கிறது?

படமும் பாட்டும் பணமும் கம்பியில் ஏறிப் பயணம் போகத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. பொருள் மட்டும் இன்னும் லாரியிலும் கப்பலிலும்தான் போகிறது. அதையும் மின்வழியே அனுப்ப முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன இரும்பு போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரையின் விட்டம் 6 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 5.6 கிராம். 6-க்குப் பின்னால் 22 சுழியங்கள் போட்டால் வரும் அத்தனை இரும்பணுக்கள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது, என்ன வகை என்று குறிக்க அணுவுக்கு 100 பிட் போதும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு பெட்டாபிட், அதாவது ஒன்றுக்குப் பின் 15 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் பிட்டுகள், ஒரே கண்ணாடியிழை வழியாகச் செல்வதை ஆய்வகங்களில் நிகழ்த்திக் காட்டியிருக்கிறார்கள். அந்த வேகத்தில் இரவு பகலாக அனுப்பினாலும் இந்தப் போல்ட்டின் முழு விவரம் போய்ச் சேர ஏறத்தாழ 190 ஆண்டுகள் பிடிக்கும்.

இதே போல்ட்டை வேறு விதமாகவும் அனுப்பலாம். ‘எம்6, நீளம் 16, தரம் 8.8’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும். மறுமுனையில் லேத்தும் உருக்குக் கம்பியும் வைத்திருப்பவர் கடைந்து எடுக்கும் போல்ட், இங்கே கழற்றிய நட்டில் அங்கேயும் சரியாக ஏறும். 190 ஆண்டு எப்படி ஒரு நொடிக்குள் சுருங்கியது? பெறுபவரிடம் ஏற்கெனவே பாதிக்கு மேல் இருந்ததால்தான். எம்6 என்றால் மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று இருக்கிறது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்குப் பொது அளவு வேண்டும் என்று முன்மொழியும் வரை, பட்டறைக்குப் பட்டறை மரை மாறியது. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொன்றின் நட்டில் ஏறாது. அந்தக் காலத்தில் ஒரு போல்ட் வேண்டுமென்றால் அந்தப் போல்ட்டையே ஆள் மூலம் கொடுத்தனுப்பத்தான் வேண்டும். பொது அளவு வந்த நாளிலிருந்து போல்ட் தந்தியில் போகக்கூடிய பொருளாயிற்று. பொருள் அதேதான், கம்பியும் அதேதான். மாறியது மறுமுனை.

இந்த அத்தியாயத்தின் வாதம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. மின்வழியே பொருள் என்றும் போனதில்லை, போகத் தேவையும் இல்லை. போவது குறிப்பு. குறிப்பு எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதை அனுப்புபவரின் கருவிகளைக் காட்டிலும், பெறுபவரிடம் ஏற்கெனவே இருப்பவைதான் தீர்மானிக்கின்றன. இது சாத்தியமாவதற்கு இயற்கை ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. ஒரே ஐசோடோப்பைச் சேர்ந்த இரண்டு இரும்பணுக்களுக்கு இடையே எந்த வேறுபாடும் கிடையாது. பழசு புதுசு, தேய்ந்தது தேயாதது என்ற பேச்சுக்கே அணுக்களிடம் இடமில்லை. ஆகவே இங்கிருக்கும் இரும்பை அங்கே கொண்டுபோக வேண்டிய அவசியம் அடிப்படையிலேயே இல்லை. அங்கிருக்கும் இரும்பு அதேதான்.

ஒரு பொருள் உண்மையிலேயே சுமக்கப்படும் நிலையிலிருந்து அனுப்பப்படும் நிலைக்கு மாறியதற்கு மிகத் தெளிவான சான்று கிலோகிராம். 1889 முதல் கிலோகிராம் என்பது ஓர் உலோகத் துண்டு. பிளாட்டினமும் இரிடியமும் 9-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து வார்த்த உருளை. உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர். பாரிஸை அடுத்த செவ்ர் என்னும் இடத்தில், கண்ணாடிக் குடுவைகளுக்குள், மூன்று சாவிகள் இருந்தால்தான் திறக்கும் பெட்டகத்தில் இருந்தது. ஒரு நாடு கிலோகிராமைப் பெற வேண்டுமென்றால் அதன் நகல் ஒன்றை வாங்கிக் கையில் எடுத்துப்போக வேண்டும். இந்தியாவுக்கு வந்தது 57-ஆம் எண் நகல். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. நகல்களை அவ்வப்போது செவ்ருக்குக் கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிட்டார்கள். நூறாண்டுகளில் மூலத்துக்கும் நகல்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வரை வேறுபாடு விழுந்திருந்தது. கைரேகை ஒன்றின் எடை அளவுதான் அது என்றாலும், எது கூடியது எது குறைந்தது என்று கேட்கவே முடியாத நிலை ஏற்பட்டது. மூலம் இளைத்தாலும் அதுதான் கிலோகிராம். அப்படியானால் உலகமே கொஞ்சம் பருத்துவிட்டதாகத்தான் பொருள்.

2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு இந்த உலோகத் துண்டை ஓய்வுபெறச் செய்தது. 2019 மே 20 முதல், பிளாங்க் மாறிலியின் மதிப்பை 6.62607015 என்ற எண்ணும் அதற்குரிய பத்தின் அடுக்குமாக நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். நொடிக்கு சீசியம் அணுவின் 9,19,26,31,770 துடிப்புகள்; மீட்டருக்கு ஒளியின் வேகம்; எடைக்கு பிளாங்க் மாறிலி. இந்த எண்களும் கிப்பிள் தராசு என்னும் கருவியைக் கட்டும் திறமையும் இருந்தால் எந்த நாட்டிலும், ஏன் எந்தக் கோளிலும், கிலோகிராமை உண்டாக்கிக்கொள்ளலாம். மூன்று சாவிப் பெட்டகத்திலிருந்த ஒரு பொருள் முழுக்க முழுக்க ஒரு செய்தியாக மாறியது. இதற்கு நாம் கொடுத்த விலையும் இருக்கிறது. முன்பு பெறுபவருக்குத் தேவைப்பட்டது ஓர் அலமாரி மட்டுமே. இப்போது தேவைப்படுவது மிகச் சில ஆய்வகங்களால் மட்டுமே கட்டி இயக்க முடிந்த ஒரு கருவி. சுமை பாதையிலிருந்து இறங்கி மறுமுனையில் ஏறிக்கொண்டது.

எண்களால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா என்று இங்கே ஒருவர் தடுத்துக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் போல்ட்டின் மரையிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எம்6 என்று எழுதும்போது, வலப்பக்கம் திருகினால் இறுகும் என்பது எழுதாமலே விளங்குகிறது. நம்மோடு எந்தப் பொருளையும் பகிர்ந்துகொள்ளாத, நாம் காணும் விண்மீன்களையும் காணாத ஒரு தொலைதூர உலகத்துக்கு வெறும் எழுத்துகளால் ‘வலம்’ என்பதை எப்படி விளக்குவது? இருதயம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் என்றால் அவர்களுக்கு நம் இருதயம் எங்கே என்று தெரியாது. படம் வரைந்து அனுப்பலாமென்றால், வரிகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்க வேண்டும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அறிவியல் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் இதை ‘ஓஸ்மா புதிர்’ என்று அழைத்தார். 1956 முடியும் வரை இயற்பியலில் இதற்கு விடையே இல்லை. இயற்கை விதிகள் வலத்தையும் இடத்தையும் ஒரே மாதிரி நடத்துகின்றன என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் இயற்பியலாளர் ச்சியென்-ஷியுங் வூ, கோபால்ட்-60 அணுக்களைத் தனிச் சுழியத்துக்கு மிக அருகில் குளிர்வித்து, அவற்றின் தற்சுழற்சியைக் காந்தப் புலத்தால் ஒரே திசையில் நிறுத்திப் பார்த்தார். அணுக்கரு வெளிவிடும் எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாகச் சிதறவில்லை. சுழற்சி அச்சுக்கு எதிர்த்திசையிலேயே அதிகம் சென்றன. இந்தச் சோதனையை அங்கேயும் செய்துபாருங்கள், எலக்ட்ரான் அதிகம் போகும் திசையை வைத்து வலத்தை அறிந்துகொள்ளுங்கள் என்று இனிமேல் செய்தி அனுப்ப முடியும். வலம்புரி மரை கொண்ட ஒரு போல்ட்டை முன்பின் அறியாத உலகத்துக்குச் சொற்களால் மட்டுமே அனுப்பும் வழி, அந்த முடிவு வெளியான 1957-இல்தான் மனிதருக்குக் கிடைத்தது. இயற்கையின் விதிகளே இரு முனைகளுக்கும் பொதுவான முதல் சொத்து என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஸ்பேனர் இப்போது அவ்வளவு வியப்பாக இருக்காது. 2014 டிசம்பரில், ராட்செட் ஸ்பேனர் ஒன்றின் வடிவக் கோப்பைத் தரையிலிருந்து நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த முப்பரிமாண அச்சு இயந்திரம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில், 104 அடுக்குகளாகப் பிளாஸ்டிக்கை இழைத்து அதை உருவாக்கியது. மின்னஞ்சலில் போன ஸ்பேனர் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அச்சு இயந்திரமும் அது இழைத்த பிளாஸ்டிக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் ராக்கெட்டில் ஏறிப் போனவை. ஸ்பேனரின் எடை ஏற்கெனவே மேலே போய்விட்டது. பின்னால் போனது அதன் வடிவம் மட்டுமே. எந்தக் கருவி தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்துக்கு, எதுவாகவும் ஆகக்கூடிய மூலப்பொருளை முதலில் அனுப்பிவிட்டு, முடிவை ஒத்திப்போட முடிந்தது என்பதே உண்மையான லாபம்.

இந்த லாபம் உயிர் காக்கும் அளவுக்குப் பெரியது என்பதைத் தடுப்பூசியின் கதையில் பார்க்கலாம். எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1798-இல் வெளியிட்ட பிறகு, அந்த முறையின் விளக்கம் உலகெங்கும் வேகமாகப் பரவியது. விளக்கம் போன இடங்களுக்கெல்லாம் மருந்து போகவில்லை. அம்மைப் பால் நூலில் தோய்த்தாலும் கண்ணாடிகளுக்கிடையே வைத்தாலும் வெப்பத்தில் வீரியம் இழந்தது. அதைத் தொலைதூரத்துக்குக் கொண்டுபோக ஒரே நம்பகமான பாத்திரம் மனிதக் கை. ஒருவர் கையில் குத்தி, கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் குத்த வேண்டும். 1803 நவம்பர் 30 அன்று ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மரியா பிட்டா என்னும் கப்பலில் மருத்துவர் பால்மிஸ் 22 அநாதைச் சிறுவர்களை ஏற்றிச் சென்றார். பத்து நாளுக்கொருமுறை போல இருவர் இருவராகக் குத்தி, சங்கிலி அறுந்துவிடாமல் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப்போவதில்லை. அமெரிக்கக் கண்டத்தில் எத்தனையோ பேர் பிழைத்ததற்கு அவர்களுடைய தோள்கள் காரணம். இந்தியாவுக்கும் இதே வழிதான். பாக்தாத், பஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறி வந்த அம்மைப் பால், 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்டால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்குக் குத்தப்பட்டது. அவளுடைய கையிலிருந்து தொடங்கிய சங்கிலியே சென்னைக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

இதற்கு 218 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் மரபுத்தொடர் இணையத்தில் வெளியானது. மொத்தம் 29,903 எழுத்துகள். நான்கே எழுத்துகள் கொண்ட மொழி என்பதால் ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் போதும். எல்லாம் சேர்ந்து ஏழரைக் கிலோபைட்தான். கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. வூஹானிலிருந்து ஒரு துளி வைரஸ்கூட வராமல், இந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மாடர்னா நிறுவனமும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் ஜனவரி 13-ஆம் தேதி தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ தொடரை முடிவுசெய்தார்கள். பிப்ரவரி 7-இல் சோதனைக்குரிய முதல் தொகுதி தயாராகிவிட்டது. மார்ச் 16 அன்று சியாட்டிலில் முதல் தன்னார்வலருக்கு ஊசி போடப்பட்டது. 22 சிறுவர்கள் சுமந்தது இங்கே ஏழரைக் கிலோபைட்டாகச் சுருங்கியிருக்கிறது. எழுத்துகளைப் படித்து அதற்கேற்ப மூலக்கூறுகளைக் கோக்கும் இயந்திரங்கள், வைரஸின் மேற்பரப்பிலுள்ள கூர்ப்புரதத்தைப் பற்றி மற்றக் கொரோனா வைரஸ்களில் செய்த பல ஆண்டு ஆராய்ச்சி, எம்ஆர்என்ஏவைப் பொதிந்து செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் கொழுப்புத் துகள்கள் ஆகிய அனைத்தும் மறுமுனையில் காத்திருந்ததால்தான் செய்தி அவ்வளவு சின்னதாக இருக்க முடிந்தது. அவை இல்லாத நாடுகளுக்கும் அதே ஏழரைக் கிலோபைட் அதே நாளில் கிடைத்தது. அந்த நாடுகள் தடுப்பூசி புட்டிகள் குளிர்பெட்டியில் வந்து இறங்கும் வரை காத்திருந்தன. இந்த ஏற்றத்தாழ்வைப் பேசாமல் மின்வழிப் பொருள்களைப் பற்றிப் பேசுவது அரைகுறையான பேச்சு. கோப்பு யாருக்கும் கிடைக்கும். கோப்பைப் பொருளாக்கும் முனை சிலரிடமே இருக்கிறது.

மறுமுனையில் இருக்க வேண்டியவற்றில் ஒன்றை இதுவரை எந்தக் குறிப்பாலும் அனுப்ப முடிந்ததில்லை. 2010-இல் கிரெய்க் வென்டரின் குழு, மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவின் மரபுத்தொடரை, ஏறத்தாழ 10.8 லட்சம் எழுத்துகள், கணினிக் கோப்பிலிருந்து எடுத்து வேதிப்பொருள்களால் முழுமையாகக் கட்டியது. அந்த டிஎன்ஏ தானாக உயிர்பெறவில்லை. நெருங்கிய உறவுள்ள வேறொரு பாக்டீரியாவின் உயிருள்ள செல்லுக்குள் அதைச் செலுத்தினார்கள். அந்தச் செல்லே புதிய எழுத்துகளைப் படித்து, சில தலைமுறைகளில் தன்னைக் கோப்பில் எழுதியிருந்த உயிரினமாக மாற்றிக்கொண்டது. தயிர் தோய்க்கும் விதத்தைத் தொலைபேசியில் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும், கேட்பவர் வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் இருந்தாக வேண்டும். உயிர்ப் பொருள்களின் நிலை இன்றும் அதுதான். செல்லின் டிஎன்ஏவை எழுதலாம். அதைப் படிக்கும் செல்லைப் பச்சை வேதிப்பொருள்களிலிருந்து யாரும் இன்னும் உருவாக்கவில்லை. பூமியிலுள்ள ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் வந்திருக்கிறது. வைரஸுக்கு இந்தத் தடை குறைவு. 2002-இல் எக்கார்ட் விம்மரின் குழு, ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்ட போலியோ வைரஸை அதன் தொடரிலிருந்து கட்டி எடுத்தது. அப்போதும் செல்களைப் பிழிந்தெடுத்த சாறு தேவைப்பட்டது.

இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு, பொருளையே ஆற்றலாக மாற்றி அனுப்பிவிட்டு அங்கே மீண்டும் பொருளாக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ஐன்ஸ்டைனின் சமன்பாடு அனுமதிக்கிறதே என்பது அவர்கள் வாதம். சமன்பாடு மாற்று விகிதத்தைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. நம் சின்னப் போல்ட்டை முழுவதும் ஆற்றலாக்கினால் ஹிரோஷிமா குண்டைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு வெடிப்பு கிடைக்கும். அப்படி ஆக்கவும் சும்மா முடியாது. புரோட்டான், நியூட்ரான்களின் கணக்கு மாறாமல் இருக்க வேண்டும் என்பதை மீறும் நிகழ்வு எதையும் எந்தச் சோதனையும் இதுவரை கண்டதில்லை. ஆகவே போல்ட்டை அழிக்க அதே எடையில் எதிர்ப்பொருள் வேண்டும். மறுமுனையில் ஒளியைப் பொருளாக்கும்போதும் ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் சேர்ந்தே பிறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒளிவெள்ளம் போல்ட்டின் மரையை நினைவில் வைத்திருக்காது. அணுக்களை எங்கே அடுக்குவது என்ற குறிப்பைத் தனியாக அனுப்பத்தான் வேண்டியிருக்கும். குறிப்பு போய்விட்டால், இரும்பு அங்கேயே இருக்கும்போது ஆற்றலை அனுப்புவது எதற்கு?

இதைவிட வலுவான மறுப்பு குவாண்டம் இயற்பியலிலிருந்து வருகிறது. 1993-இல் சார்லஸ் பென்னெட்டும் அவருடைய ஐந்து கூட்டாளிகளும் முன்வைத்த தொலைபெயர்ப்பு, 1997-இல் இன்ஸ்புரூக்கில் ஆன்டன் ஸைலிங்கரின் குழுவால் ஒளித்துகளில் செய்துகாட்டப்பட்டது. 2004-இல் அணுக்களில் நடந்தது. 2017-இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோளுக்குத் தரையிலிருந்து 1,400 கிலோமீட்டர் வரையிலான தொலைவில் நடந்தது. பொருளை அனுப்பும் வழி திறந்துவிட்டது என்று தலைப்புச் செய்திகள் சொல்வது இதைத்தான். நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இது நம் வாதத்துக்கு எதிரான சான்றல்ல, மிகத் தூய்மையான சான்று என்று தெரியும். முதலில், பிணைந்த இரண்டு துகள்களில் ஒன்றை அனுப்புபவரும் மற்றொன்றைப் பெறுபவரும் வைத்துக்கொள்கிறார்கள். அனுப்புபவர் தான் அனுப்ப விரும்பும் துகளையும் தன்னிடமுள்ள பாதியையும் சேர்த்து அளக்கிறார். அந்த அளவீட்டில் மூலத்தின் நிலை அழிந்துவிடுகிறது. அளவீட்டின் முடிவை இரண்டே பிட்டுகளில், சாதாரண வழியில், ஒளியை மிஞ்சாத வேகத்தில் அனுப்புகிறார். பெறுபவர் அதைப் பார்த்துத் தன் துகளைச் சிறிது திருப்பியதும், அது அழிந்த மூலத்தின் நிலையை அப்படியே அடைகிறது. துகள் எதுவும் இடம் மாறவில்லை. பெறும் துகள் முன்பே அங்கே இருந்தது; பிணைப்பும் முன்பே கொண்டுசேர்க்கப்பட்டது. மறுமுனையில் தேவையானது எல்லாம் இருந்தால் செய்தி இரண்டு பிட்டாகச் சுருங்கும் என்று இயற்கையே எழுதிக்காட்டிய கணக்கு இது. இதைப் போல்ட்டுக்கு விரிப்பதென்றால் அதன் அத்தனை அணுக்களுக்கும் பிணைந்த இணைகளை முன்கூட்டியே கொண்டுசேர்த்து, ஒன்றும் குலையாமல் காக்க வேண்டும். விதியின் தடை இதற்கு இல்லை, ஆனால் போல்ட்டுக்கு அது தேவையே இல்லை. அதன் அணுக்களின் குவாண்டம் நிலை எந்த நட்டையும் இறுக்குவதில்லை. மனிதருக்குத் தேவையா, மூளையின் எந்த அளவு நுணுக்கம் வரை அனுப்பினால் அவரே அவராக இருப்பார் என்பதற்கு அறிவியலில் இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. 70 கிலோ உடலை அணு அணுவாக விவரிக்க நம் பழைய கணக்கின்படியே ஏறத்தாழ 2.2 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதைச் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியை இங்கே விட்டுவிடலாம்.

மூன்றாவது மறுப்பு இயற்பியலைச் சேர்ந்ததல்ல, எனக்கு மிகவும் நியாயமாகப் படுவதும் அதுதான். நகலைச் செய்துவிட்டு, பொருளை அனுப்பினோம் என்பது எப்படிச் சரியாகும்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் திருடுபோய், 2008-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் சிலைகளை எடுத்துவைத்திருந்த பழைய படங்கள், கான்பெராவில் இருப்பது இந்தச் சிலைதான் என்று காட்ட உதவின. 2014-இல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். படம் ஒரு நொடியில் கடல் தாண்டிவிடும். சிலை விமானத்தில்தான் வர வேண்டியிருந்தது. அதை லேசரால் அளந்து, அதே செம்புக் கலவையில், தேய்மானம் உள்பட வார்த்துக் கொடுத்திருந்தால் அந்த ஊர் ஏற்றிருக்குமா? ஏற்றிருக்காது, ஏற்காதது சரியே. அந்தச் சிலையை அந்த மக்கள் வணங்கியது அதன் வடிவத்துக்காக மட்டுமல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே நின்று பூசை கண்டது அந்தச் செம்புதான். வரலாறு அணுக்களில் எழுதப்பட்டிருப்பதில்லை, ஆகவே எந்த ஸ்கேனும் அதைப் படிக்க முடியாது. நகல் எவ்வளவு நுணுக்கமானாலும் அனுப்பியதாகக் கொள்ள முடியாத பொருள்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது கருவிகளின் குறை இல்லை. போல்ட்டில் நமக்கு வேண்டியது அது செய்யும் வேலை. சிலையில் வேண்டியது அந்தச் சிலையே. பணத்தையும் ஒருகாலத்தில் காசாகவே சுமந்தோம். ஒரு ரூபாய்க்கும் இன்னொரு ரூபாய்க்கும் வேறுபாடில்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டதால் அது இன்று கைபேசியில் போகிறது. ஒரு பொருள் அனுப்பத்தக்கதா என்பதை ஓரளவு நாமே முடிவுசெய்கிறோம்.

நாம் முடிவுசெய்யாமலே அனுப்பத்தக்கதாகிவிட்ட பொருள் ஒன்றும் இருக்கிறது. பால்மிஸின் சிறுவர்கள் எதிர்த்த பெரியம்மை, 1980-இல் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. வைரஸின் எஞ்சிய மாதிரிகள் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உறைநிலையில் உள்ளன. அவற்றையும் அழித்துவிடலாமா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக ஒத்திவைக்கப்பட்டே வருகிறது. இதற்கிடையில் அதன் மரபுத்தொடர் 1990-களிலேயே வெளியாகிவிட்டது. 2018-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதன் உறவான குதிரையம்மை வைரஸை விலைக்கு வாங்கிய டிஎன்ஏ துண்டுகளிலிருந்து மீட்டெடுத்ததாக ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்; அங்கேயும் செல்களில் வேறொரு அம்மை வைரஸ் துணைக்கு இருக்க வேண்டியிருந்தது. கடைசிப் புட்டியை நெருப்பில் போட்டாலும் பெரியம்மை இல்லாமல் போய்விடாது என்பது அன்று முதல் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அனுப்ப முடிந்த பொருளை அழிக்க முடியாது. அழிக்க முடியாதபோது காவல் எங்கே நிற்க வேண்டும்? கோப்புக்குக் காவல் போடுவது பயனற்றது. அது எங்கும் பரவிவிட்டது. இந்த அத்தியாயத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தபடி, எல்லாம் மறுமுனையில்தான் தீர்மானமாகிறது. அந்த இரண்டு ஆய்வகங்களைத் தவிர வேறு யாரும் பெரியம்மை மரபுத்தொடரில் 20 சதவீதத்துக்கு மேல் டிஎன்ஏவாக வைத்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் விதித்திருப்பது சரியான இடத்தைத் தொடும் விதி: எழுத்தை அல்ல, எழுத்திலிருந்து உண்டான பொருளை அது அளக்கிறது. டிஎன்ஏ தயாரித்து விற்கும் முன்னணி நிறுவனங்கள் 2009-இல் ஒன்றுசேர்ந்து, வரும் ஒவ்வோர் ஆர்டரின் தொடரையும் ஆபத்தான கிருமிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதென்று ஏற்றுக்கொண்டன. ஆனால் அது அவை தாமாக ஏற்ற கட்டுப்பாடு. சேராத நிறுவனங்களும் உண்டு. மேசைமேல் வைத்து டிஎன்ஏ கோக்கும் இயந்திரங்கள் ஆய்வகங்களுக்கு விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றில் இந்தச் சோதனை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட வேண்டும் என்றும், அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்க வேண்டும். இயந்திரங்கள் எண்ணிக்கையில் சிலவாக இருக்கும் இப்போதே அதைக் கேட்பது எளிது.